டவுன்லோட் செய்த ஃபைல் எங்கே போகிறது?

ஹால் டிக்கெட்டுக்கான பட்டனை அழுத்துகிறோம். திரையோரத்தில் ஏதோ ஒன்று சுழன்று மறைகிறது. ஃபைலைக் காணோம். மறுபடி அழுத்துகிறோம், இன்னொரு தடவையும். ஒருவழியாக ஃபோல்டரைக் கண்டுபிடித்துத் திறந்தால், ஒரே பெயரில் மூன்று ஹால் டிக்கெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டாவதன் வாலில் (1), மூன்றாவதன் வாலில் (2). அதே பெயரில் இன்னொன்று வந்தால், பழையதை அழிக்காமல் எண் போட்டுப் பக்கத்தில் வைப்பது குரோமின் வழக்கம். ஆக, முதல் தடவையே ஃபைல் வந்துவிட்டது. எங்கே வந்தது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை.

தேடலைப் பிரவுசரிலேயே தொடங்கலாம். விண்டோஸில் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவானாலும் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ஜே எழுத்தைத் தட்டினால் டவுன்லோட் பட்டியல் வரும். குரோமில் முன்பெல்லாம் திரையின் அடியில் ஒரு பட்டை தோன்றி ஃபைல் பெயரைக் காட்டும். 2023இல் அதை எடுத்துவிட்டு, மேலே வலது மூலையில் சின்ன அம்புக்குறியாக வைத்தார்கள். பல வருடம் அடியில் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது எளிதில் தட்டுப்படாது. பட்டியலில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் ஃபோல்டர் படம் இருக்கும். அதை அழுத்தினால் ஃபைல் இருக்கும் இடத்துக்கே கூட்டிப்போகும்.

ஆனால் இந்தப் பட்டியல் கூரியர்காரரின் டெலிவரி ரிஜிஸ்டர் மாதிரிதான். பார்சலை எந்த முகவரியில் கொடுத்தோம் என்பது அதில் இருக்கும். நீங்கள் அதைப் பிறகு எந்த அலமாரிக்கு மாற்றினீர்கள் என்பது இருக்காது. ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ பெயரை மாற்றினாலோ, குரோம் பழைய பெயரின் மேல் கோடு போட்டு, அழிக்கப்பட்டுவிட்டதாகக் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வைத்த இடத்தில் இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

அந்த முகவரி பெரும்பாலும் ஒன்றேதான். சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டவுன்லோட்ஸ். விண்டோஸில் இப்படித் தனி ஃபோல்டர் வந்தது 2007இல், விஸ்டாவோடு. ஆப்பிளின் லெப்பர்டிலும் அதே வருடம் வந்தது. டெலிகிராம் மட்டும் டவுன்லோட்ஸுக்குள்ளேயே தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளும்.

இடம் சரியாக இருந்தும் கண்ணில் படாமல் போவதற்குப் பெயர் ஒரு காரணம். ஃபைலை அனுப்பும் சர்வர் என்ன பெயரைச் சொல்கிறதோ, அந்தப் பெயரில்தான் பிரவுசர் சேமிக்கும். வருமானச் சான்றிதழ் கேட்டவருக்கு நீண்ட எண்தொடர் ஒன்று பெயராக வந்து சேர்வது இதனால்தான். முழுதாக இறங்காத ஃபைலுக்குத் தற்காலிகப் பெயர் வேறு உண்டு: குரோமில் ‘சிஆர்டவுன்லோட்’ என்று முடியும், ஃபயர்ஃபாக்ஸில் ‘பார்ட்’ என்று. அப்படி ஒன்று அங்கேயே நின்றுவிட்டால் இணைப்பு நடுவில் அறுந்திருக்கலாம். மறுபடி இறக்க வேண்டியிருக்கலாம்.

பெயர் தெரியாவிட்டால் தேதியைப் பிடிக்கலாம். வரிசைப்படுத்தும் இடத்தில் தேதியைத் தேர்ந்தெடுத்தால் புதியது மேலே வரும். ஜிப் ஃபைலைப் பிரித்தவர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உள்ளிருந்து வரும் ஃபைல்கள் தங்கள் பழைய தேதியோடேயே வெளியே வரும். இன்று பிரித்த ஆவணம் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியோடு பட்டியலின் அடியில் கிடக்கலாம்.

இதையெல்லாம் விட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. அவுட்லுக்கில் வந்த மெயில் இணைப்பைச் சேமிக்காமல் அப்படியே திறக்கிறோம். வேர்டில் விரிகிறது. திருத்துகிறோம், சேவ் கொடுக்கிறோம், மூடுகிறோம். பிறகு டவுன்லோட்ஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. திறந்தது ஒரு தற்காலிகப் பிரதி. அது ‘ஆப்டேட்டா’ என்ற, சாதாரணமாகக் கண்ணுக்குக் காட்டாத ஃபோல்டருக்குள் பல படி தள்ளி இருக்கும். பிறகு அழிக்கப்பட்டும் விடலாம். ஃபயர்ஃபாக்ஸும் முன்பு இப்படித்தான் இருந்தது. ‘திற’ என்று சொன்ன ஃபைல்களைத் தற்காலிக ஃபோல்டரில் போட்டுக்கொண்டிருந்தது. 2022இல் வந்த 98ஆம் பதிப்பில்தான் டவுன்லோட்ஸுக்கு மாற்றினார்கள். இதில் மாட்டிக்கொண்டால், தாமதிக்காமல் வேர்டைத் திறந்து, அண்மையில் திறந்தவை பட்டியலில் அந்தப் பெயரை அழுத்துங்கள். ஃபைல் இன்னும் இருந்தால் திறக்கும். உடனே ‘சேவ் அஸ்’ கொடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருத்திய அறிக்கையை இப்படி இழப்பது கொடுமை. முதலில் சேமித்து, அப்புறம் திறப்பதற்குச் சில விநாடிகள் போதும்.

இணையத்திலிருந்து வந்த ஃபைலோடு விண்டோஸ் ஒரு சின்னக் குறிப்பையும் ஒட்டிவைக்கிறது. 2004இல் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கில் வந்த ஏற்பாடு இது. வேர்டில் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை வந்து, எடிட் செய்யவிடாமல் நிறுத்துகிறதே, அதற்குக் காரணம் இந்தக் குறிப்புதான். அந்த ஃபைல் எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது என்பதையும் இன்றைய பிரவுசர்கள் பலவேளை அதிலேயே எழுதிவைக்கின்றன.

பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ உட்கார்ந்து இறக்குபவர்கள், ஃபைலைக் கண்டுபிடித்து பிரிண்ட் எடுத்ததோடு எழுந்துவிடக் கூடாது. அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் முன்பு வந்தவர்களின் ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கிடப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. இ-ஆதாருக்காவது பாஸ்வேர்ட் உண்டு. மதிப்பெண் பட்டியலுக்கு அதுவும் கிடையாது. பிரவுசர் பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுத்தால் ஃபைல் ஃபோல்டரிலேயே இருக்கும். இன்காக்னிட்டோவில் இறக்கினாலும் அப்படித்தான்: ஜன்னலை மூடியதும் பட்டியல் போய்விடும், ஃபைல் போகாது. வெறும் டெலீட் கொடுத்தால் ரீசைக்கிள் பின்னுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுங்கள். அடைப்புக்குறி எண்ணோடு இருக்கும் மற்ற பிரதிகளுக்கும் சேர்த்து.