ஊசிக்கு ஊசி மாற்றுவது ஏன்?

தோழர்களே, தாய்மார்களே,

“போதைக்காரனுக்குப் புது ஊசியை இனாமாகக் கொடுக்கிறாங்களாமே, இது என்னங்க நியாயம்?” என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கேட்பதில் தப்பில்லை. வெயிலிலும் மழையிலும் பாடுபட்ட சம்பளத்தைப் போதைக்குக் கொட்டும் மகனையோ தம்பியையோ வைத்துக்கொண்டு தவிக்கும் வீட்டில் இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும். அந்தத் திட்டம் யாரைக் காப்பாற்ற வந்தது என்பதைப் பார்ப்போம்.

ஹெரோயினை நரம்பில் ஏற்றும்போது ஊசிக்குழலுக்குள் கொஞ்சம் ரத்தம் ஏறிவிடும். மருந்தைத் தள்ளி முடித்த பிறகும் அடியில் ஒரு துளி தங்கும். கண்ணுக்குத் தெரியாது. பச்சைத் தண்ணீரில் அலசினாலும் முழுசாகப் போகாது. அதே ஊசியை அடுத்தவன் வாங்கிக் குத்தினால், முதல் ஆளின் ரத்தம் நேராக இவன் ரத்தத்தில் கலக்கிறது. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமியும், ஈரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி கிருமிகளும் இப்படித்தான் ஆள் மாறுகின்றன. இதில் சி வகை ரொம்பக் கெட்டியானது. சோதனைக்கூடத்தில் ஊசிக்குழலுக்குள் 63 நாள் வரை உயிரோடு இருந்திருக்கிறது.

கொசு கடித்தால் டிங்கி வருகிறதே, எச்.ஐ.வி. வராதா என்று கேட்பவர்களும் உண்டு. வராது. டிங்கிக் கிருமி கொசுவின் உடம்பில் பெருகும்; எச்.ஐ.வி. அங்கே செரித்துப் போய்விடும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ ஒரே கக்கூசைப் பயன்படுத்துவதாலோ கூட வராது.

சரி, ஊசியே கிடைக்காமல் செய்துவிட்டால் என்ன? செய்து பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரில் 1980களின் தொடக்கத்தில் மருந்துக் கடைகள் ஊசி விற்பதை நிறுத்தின. போலீசாரும் கண்ட ஊசிகளைப் பறித்தார்கள். போதை நின்றதா? இல்லை. ஒரே ஊசி பல கைகளுக்குப் போனது. அங்கே ஹெரோயின் பழக்கமுள்ள 164 பேரைச் சோதித்து 1986ல் வெளியிட்ட முடிவில் பாதிப் பேருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது. அடிமையானவன் சுத்தமான ஊசிக்காகக் காத்திருக்க மாட்டான். கிடைத்ததை எடுத்துக் குத்திக்கொள்வான்.

நம் நாட்டுக் கதையும் லேசானதல்ல. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. நோயாளி கண்டுபிடிக்கப்பட்டது 1986ல். 2002ல் ஒரே வருடத்தில் 6,978 பேருக்குப் புதிதாகப் பதிவானது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் ஊசி மூலம் பெற்றவர்கள். பிடித்து உள்ளே போடுவதும் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்புவதும் மட்டும் போதாது என்று அப்போதுதான் உறைத்தது. 2005ல் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. 2006 பிப்ரவரியில் பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு ஆகிய மூன்று இடங்களில் ஊசி மாற்றும் திட்டம் ஆரம்பமானது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நாம் கேட்கும் அதே கேள்வியைத்தான் அன்றும் கேட்டார்கள்.

அங்கே நடப்பது இதுதான். பழைய ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தால் புதிய ஊசி, பஞ்சு, ஆணுறை எல்லாம் கொடுப்பார்கள். பழைய ஊசி தெருவில் கிடக்காமல் எரிப்பதற்குப் போகிறது. முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். ஊசி கொடுப்பவர் அவனிடம் பேசுகிறார், புண்ணைப் பார்க்கிறார், ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார். வீட்டில் யாரோடும் பேசாதவன் அங்கே பேசுகிறான். ஒருநாள் “விட்டுடலாம்னு இருக்கேன் அண்ணே” என்று சொன்னால் மெத்தடோன் கொடுக்கும் கிளினிக்குக்கு வழிகாட்ட ஆள் இருக்கிறது. மெத்தடோன் என்பது வாயால் குடிக்கும் மருந்து. உடம்பு நடுக்கத்தையும் ஏக்கத்தையும் அடக்கி, ஆளை வேலைக்குப் போக வைக்கும். ஊசி கொடுத்ததால் போதைப் பழக்கம் பெருகியதா என்று உலக சுகாதார நிறுவனம் 2004ல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அப்படிச் சொல்ல நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை.

அண்மை ஆண்டுகளில் புதிதாகப் பதிவாகும் எச்.ஐ.வி. நோயாளிகளில் ஊசியால் பெற்றவர்கள் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. எல்லாப் பெருமையும் ஊசித் திட்டத்துக்கே என்று சொல்ல மாட்டேன். மெத்தடோனுக்கும் பங்கு உண்டு; பலர் ஹெரோயினை விட்டு சியாபுவுக்குப் போனதும் ஒரு காரணம். (அது வேறு தலைவலி.) இப்போது அதிகம் பரவுவது உடலுறவால்தான்.

அதனால்தான் தாய்மார்களையும் சேர்த்துக் கூப்பிட்டேன். போதைப் பக்கமே போகாத மனைவிக்குப் புருஷனிடமிருந்து கிருமி வருகிறது. அவளிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகலாம். புருஷன் ஊசி போட்டுக்கொள்பவர், அல்லது முன்பு போட்டவர் என்றால், கூச்சப்படாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அம்மா. கர்ப்பிணிகளுக்கு 1998 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் இந்தப் பரிசோதனை உண்டு. தாய் வேளை தவறாமல் மருந்து சாப்பிட்டால் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2018ல் மலேசியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

ஹெப்படைட்டிஸ் சி வந்தாலும் இப்போது குணப்படுத்தலாம். மருந்தின் விலை யானை விலையாக இருந்தபோது, 2017ல் அரசாங்கம் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி மலிவான மருந்தை வரவழைக்க வழி செய்தது. 2018லிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை. பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் போதும். எப்போதோ பழக்கத்தை விட்டவர்களும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. இந்த நோய் பல வருடம் வலியில்லாமல் ஈரலைத் தின்னும்.

கடைசியாக ஒன்று. லயத்துக்குப் பின்னாலோ செம்பனைக் காட்டிலோ ஊசி கிடந்தால் கையால் எடுக்காதீர்கள். மூடியையும் திருப்பி மாட்டாதீர்கள். இடுக்கியால் எடுத்து, ஊசிப் பக்கம் கீழே இருக்கும்படி கெட்டியான பிளாஸ்டிக் போத்தலிலோ மைலோ டின்னிலோ போட்டு இறுக மூடி, கிளினிக்கில் கொடுங்கள். பிள்ளையின் காலில் குத்திவிட்டால் குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கவோ வாயால் உறிஞ்சவோ வேண்டாம். பதறவும் வேண்டாம். எச்.ஐ.வி. உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும், ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் கண்ட கணக்குப்படி, ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் தொற்றுகிறது. ஆனால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஞாயிற்றுக்கிழமை என்று திங்கள் வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஹெப்படைட்டிஸ் பி ஊசி போட்டிருக்கிறதா என்று முதலில் கேட்பார்கள்.