பச்சிளம் மேனியில் தோன்றும் புள்ளிகள்



குழந்தைச் செல்வம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவதற்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். பிறந்த சில நாள்களில் குழந்தையின் மேனியில் புள்ளிகள் கண்டால் பல இல்லங்களில் பதற்றம் தோன்றிவிடுகிறது. ஏழாம் நாள் அகீகாவுக்குக் கூடும் உறவினரோ, "தாய் கண்டதைத் தின்றாள், பிள்ளைக்குக் கரப்பான் வந்தது" என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றனர். பேறுகாலக் களைப்பு நீங்காத அப்பெண் தன்னையே குற்றவாளியாக எண்ணி வருந்துகிறாள். இப்பழி தகுமா?

செந்திட்டுகள்

நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இவை வருகின்றன. பெரும்பாலும் 2 அல்லது 3ஆம் நாளில், முகத்திலும் மார்பிலும் செந்நிறத் திட்டுகள் தோன்றும். அவற்றின் நடுவே சிறு கொப்புளம் போன்ற வெளிர் முனை இருக்கும். ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் முளைக்கும். தாயின் உணவு இதற்குக் காரணமன்று. ஓரிரு வாரங்களில் மருந்தின்றியே மறைந்துவிடும்.

வெண்பொட்டுகள்

மூக்கிலும் கன்னத்திலும் கடுகளவில் காணப்படும் வெண்பொட்டுகள் சீழ் அல்ல. தோலிலுள்ள கெரட்டின் என்னும் புரதம் மேற்தோலின் அடியில் தங்குவதால் உண்டாகுபவை. சில வாரங்களில் தாமே உதிரும். நகத்தால் கிள்ளுவதும் பிதுக்குவதும் புண்ணையே உண்டாக்கும்.

நீலத் திட்டுகள்

இடுப்பின் கீழும் பிட்டத்திலும் தோன்றும் நீலச் சாம்பல் நிறம், அடிபட்ட காயமன்று. நிறமிச் செல்கள் தோலின் ஆழத்தில் தங்கியதன் விளைவே அது. நம் நாட்டுக் குழந்தைகளிடம் மிகச் சாதாரணம். பெரும்பாலும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்ததன் தழும்பு இது என்பாரும் உளர். நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் அவ்விரண்டையும் முடிச்சிட்டபோது, எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அண்ணலார் தெளிவுறுத்தினார்கள். அந்தத் தெளிவு நமக்கும் வேண்டாமா?

செய்யத் தக்கவை

பிறந்த மேனியில் படிந்திருக்கும் வெண்பிசுக்கு இறைவன் அளித்த பாதுகாப்பு. அதைத் தேய்த்து அகற்ற வேண்டாம். முதல் குளிப்பாட்டலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. கை, கால்களில் தோல் உரிவதும் இயல்பே, உரித்தெடுக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரும் மெல்லிய பருத்தி ஆடையும் போதும். சூடு போடுவது வைத்தியமன்று, கொடுமை.

தாமதிக்கக் கூடாதவை

நீர்க்கொப்புளங்கள், சீழ்க்கட்டிகள், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல், பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் நிறம் தோன்றுதல், எப்போதாயினும் உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் பரவுதல், 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பிறந்து ஒரு மாதம் நிறையாத குழந்தைக்கு ஒரு நாள் தாமதமும் ஆபத்தாகலாம்.

இல்லத்துப் பெரியவர்களே! அடுத்த முறை ஒரு பச்சிளம் மேனியில் புள்ளி கண்டால், தாயைப் பழிக்காமல், "அஞ்சாதே மகளே" என்று ஆறுதல் சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் நம் மழலைகளுக்கு நல்ல சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.