பாட்டரியும் பற்றாசும்

பொற்கொல்லர் இரு துண்டுகளை ஒன்றாக்குவதற்காக இடையில் உருக்கிவிடும் உலோகத்திற்குப் பற்றாசு என்று பெயர். அச்சொல்லை யாப்பிலக்கண ஆசிரியர்களும் விரும்பி எடுத்துக்கொண்டு, 'ஆசிடை வெண்பா' என ஒரு வகையே கண்டனர். அதே வேலையை இன்று 'சால்டரிங்' என்ற பெயரில் நம் வீட்டுப் பிள்ளைகள் படிப்பு மேசையின் மீது செய்கின்றனர். ரிமோட்டில் ஓடும் கார், சிறு விமானம், டிரோன் என எதைச் செய்தாலும், ஒரு கட்டத்தில் பாட்டரியின் கம்பியை இணைப்பியுடன் பற்றவைத்தே ஆகவேண்டும். ஆபத்தென்று அஞ்சித் தடுத்துவிடுவது எளிது. அதைவிட, ஆபத்து எங்கே இருக்கிறதென்று பெற்றோர் அறிந்து உடனிருப்பதே மேல் என்பது எம் கருத்து.

நம் உம்மாமார்களுக்கு இக்கலை முற்றிலும் புதிதன்று. பிரியாணித் தேக்சாவுக்கு ஈயம் பூசுபவர் வாசலில் உலை மூட்டி, செம்பைக் காயவைத்து, நவச்சாரத் தூளைத் தூவி, வெள்ளீயத்தை இழுத்துப் பஞ்சால் தேய்ப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். நவச்சாரம் செம்பின் களிம்பை அகற்றுகிறது. களிம்பிருந்தால் ஈயம் பற்றாமல் உருண்டோடும். சால்டரிங் கம்பியின் நடுவே அடைத்திருக்கும் பைன் மரப் பிசினுக்கும் அதுவே வேலை. (நவச்சாரமும் அமிலப் பசைகளும் மின்கம்பிக்கு ஆகா, நாளடைவில் அரித்துவிடும்.) ஈயம் பூசுபவர் முதலில் சூடாக்கியது ஈயத்தையன்று, பாத்திரத்தை! இதைப் பிள்ளை உணர்ந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் பாட்டரியின் தடித்த செம்புக் கம்பி சூட்டை உறிஞ்சி இழுத்துச் சென்றுவிடும். வானொலி பழுதுபார்க்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் இங்கே திணறும். 60 வாட்டுக்குக் குறையாததும் அகன்ற முனையுடையதும் தேவை. சூடு போதாமல் ஒட்டிய ஈயம் பார்வைக்கு இணைந்தது போலிருக்கும், உள்ளே இணைந்திராது. அத்தகைய இணைப்பில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். 30 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கையில் பட்டாணி அளவேயுள்ள அவ்விடத்தில் 9 வாட் வெப்பம் பிறக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இணைப்பிகள் கருகுவதும் பிளாஸ்டிக் இளகுவதும் பெரும்பாலும் இதனாலேயே.

மஞ்சள் நிற எக்ஸ்டி-60 இணைப்பியே இப்பொழுதுபோக்கில் மிகுதியும் பழக்கத்தில் உள்ளது. அதன் ஒரு பக்க மூலைகள் சரிவாக இருப்பதால் தலைகீழாகச் செருக இயலாது. சூட்டில் அதன் நைலான் கூடு இளகி உலோக முனைகள் கோணிவிடும் என்பதால், அதன் இணையை எதிரே செருகிவைத்துக்கொண்டு பற்றவைப்பது நல்ல வழக்கம். சுருங்கும் குழாயுறையை முன்னதாகவே கம்பியில் கோத்துவிட வேண்டும்.

இனி, முதன்மையான அபாயம். சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கினால் மின்சாரம் நின்றுவிடும். பாட்டரிக்கு அத்தகைய வசதி இல்லை. மூன்று அறைகள் கொண்ட லித்தியம் பாலிமர் பாட்டரி முழுதாக ஏற்றப்பட்டால் 12.6 வோல்ட். அது மனிதருக்கு அதிர்ச்சி தராது. ஆனால் சிவப்பும் கறுப்பும் ஒரு நொடி தொட்டுக்கொண்டால் நூறு ஆம்பியருக்கும் மேல் பாய்ந்து தீப்பொறி பறக்கும். கத்தரியின் வாயே உருகும். ஆகவே பழைய இணைப்பியை மாற்றுகையில் இரு கம்பிகளையும் சேர்த்து வெட்டலாகாது. ஒன்றை வெட்டி, பற்றவைத்து, உறையிட்டு மூடிய பின்னரே மற்றதைத் தொடவேண்டும். பாட்டரிப் பக்கத்திற்கு உலோகம் வெளியே நீட்டாத, துளையுள்ள பாகத்தையே அமைக்கவேண்டும். உருளை வடிவ லித்தியம் செல்லின் மேலேயே சால்டரிங் அயர்னை வைப்பது கூடவே கூடாது. உள்ளிருக்கும் மெல்லிய தடுப்பு சூட்டில் கெடும். தொழிற்கூடங்களில் அதற்கு நிக்கல் பட்டையை நொடிப்பொழுதில் மின்பற்றவைப்புச் செய்கின்றனர். உப்பிய பாட்டரியில் எந்த வேலையும் வேண்டாம். மெத்தை, பாய், தரைவிரிப்பு ஆகியவற்றின் மீதன்றி, சிமெண்ட் தரையில், ஒரு வாளி உலர்ந்த மணல் அருகிருக்க வேலை நடக்கட்டும்.

எழும் புகை ஈயத்தினுடையதன்று, பிசினுடையது. எனினும் இளைப்பு நோயுள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது, சன்னலைத் திறந்துவையுங்கள். காரீயம் உடலுக்குள் செல்வது கைவழியே. வேலை முடிந்ததும் வுளூச் செய்துவிட்டோமே என்று உணவில் கைவைத்துவிடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். சிந்திய ஈயத் துணுக்குகளைத் தவழும் குழந்தை எடுப்பதற்கு முன் ஈரத்துணியால் ஒற்றியெடுத்துவிடுங்கள். காரீயமில்லாக் கம்பியும் கிடைக்கிறது. அது 217 டிகிரியளவில் உருகுவதால் கை சற்றுப் பழகவேண்டும்.

ஆறிய இணைப்பைப் பிள்ளை அழுத்தி இழுத்துப் பார்க்கட்டும். மல்டிமீட்டரால் நேர்முனை எதிர்முனை சரிபார்த்த பின், சில நிமிடம் காரை ஓட்டி நிறுத்தி, பாட்டரியைக் கழற்றிவிட்டு இணைப்பைத் தொட்டுப் பார்க்கட்டும். கம்பியைவிட இணைப்பு மட்டும் மிகச் சுட்டால், மீண்டும் உருக்கிச் செய்யவேண்டியதுதான்.