கர்ட்லண்ட் நோட்டு

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள சிற்றூர் கர்ட்லண்ட். ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் திருச்சபை தன் முதல் ஆலயத்தை 1836-இல் அங்கேதான் கட்டி முடித்தது. ஆலயம் எழுந்தது, கடனும் ஏறியது. நிலம் இருந்தது, கையில் ரொக்கம் இல்லை. சொந்தமாக வங்கி தொடங்கலாம் என்று முடிவானது. நோட்டு அச்சிடும் தகடுகளும் தயார். ஆனால், மாநில சட்டமன்றத்தில் உரிமம் கிடைக்கவில்லை. தகட்டை வீணாக்காமல், சில நோட்டுகளில் 'வங்கி' என்ற சொல்லுக்கு இருபுறமும் பொடி எழுத்துகளைச் சேர்த்து, வங்கியல்லாத நிறுவனம் என்று பொருள் வரும்படி முத்திரை குத்தினார்கள்!

1837 ஜனவரியில் நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. சில வாரங்களிலேயே மதிப்பு சரிந்தது. மே மாதம் நாடெங்கும் நிதி நெருக்கடி வேறு. தலைவரின் வார்த்தையை நம்பிச் சேமிப்பைக் கொட்டிய எளிய குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

பிறகு வெடித்தது மோதல். ஸ்மித்தின் செயலாளராக இருந்து நிறுவனத்தின் காசாளரான வாரன் பாரிஷ் எதிரணிக்குத் தலைமை தாங்கினார். அவர் பணத்தைக் கையாடினார் என்றது ஸ்மித் தரப்பு. பழி ஸ்மித்துடையது என்றார் பாரிஷ். ஒருநாள் ஆலயத்துக்குள்ளேயே கைத்துப்பாக்கிகளும் கத்திகளும் வெளியே வந்தன. திருச்சபையின் மூத்த தலைவர்களான அப்போஸ்தலர்களில் சிலர்கூட விலகினார்கள். 1838 ஜனவரி 12 இரவு, ஸ்மித்தும் சக தலைவர் சிட்னி ரிக்டனும் குதிரையேறி ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

போய்ச் சேர்ந்த மிசூரியிலும் பணத் தகராறு காத்திருந்தது. திருச்சபைப் பணத்தில் வாங்கிய நிலத்தை விற்று ஆதாயம் பார்த்ததாக, ஜான் விட்மர், வில்லியம் பெல்ப்ஸ் என்ற இரு மூத்த தலைவர்கள் அதே ஆண்டு மார்ச்சில் நீக்கப்பட்டார்கள்.