பாசிக்குள் பதுங்கும் விரால்! பவாய் ஏரியில் தூண்டில் போட்ட நான்கு ஞாயிறுகள்

மே மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்து மணி. சயான் ஸ்டேஷனில் கூட்டம் இல்லை. ஸ்லோ வண்டியில் உட்கார இடமும் கிடைத்தது.

என்னுடன் வந்தவர் தாராவியில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஓர் அண்ணாச்சி. நெல்லைச் சீமைக்காரர். தோல் பட்டறை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் துணியில் சுற்றிய தூண்டில் கம்பு. தோளில் ஒரு ரெக்சின் பை.

"இன்னைக்கு விரால் கிடைக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள கிடக்கதை வண்டியில உக்காந்து சொல்ல முடியுமா தம்பி? போய்ப் பாப்போம்" என்றார்.

காஞ்சூர்மார்க்கில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பவாய் ஏரி வந்தது.

குடிக்க உதவாத ஏரி

மும்பை எல்லைக்குள் பெரிய ஏரிகள் மூன்று. விஹார் ஏரி 1860-லும், துளசி ஏரி 1879-லும் கட்டி முடிக்கப்பட்டவை. இரண்டும் குடிநீர் ஏரிகள். அங்கே தூண்டில் போட முடியாது.

மூன்றாவது பவாய் ஏரி. 1891-ல் குடிநீருக்காகவே இதையும் கட்டினார்கள். ஆனால் தண்ணீர் குடிக்கத் தகுதியாக இல்லை. இன்று ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் பயன்படுகிறது. கரையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடிகள்.

தூண்டில்காரர்களுக்கு இது பழைய இடம். இங்கே அவர்களுக்கென்று சங்கமே இருக்கிறது. முறைப்படி அனுமதி பெற்றுத்தான் தூண்டில் போட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஏரியில் முதலைகள் உண்டு! முழங்கால் தண்ணீரில்கூட இறங்கக் கூடாது. கரையில் நின்றுதான் எல்லாம்.

கட்லா, ரோகு, ஜிலேபி கெண்டை எல்லாம் இந்த ஏரியில் கிடைக்கும். ஆனால் நம் ஊர்க்காரர்கள் தேடுவது விராலைத்தான். மராத்தியர்கள் இதை 'மரள்' என்பார்கள். முள் குறைவு. குழம்புக்கு ருசி. விற்றாலும் நல்ல விலை.

மூச்சு விட மேலே வரும் மீன்

விராலைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் அதன் குணம் தெரிய வேண்டும்.

மற்ற மீன்கள் செவுளால் தண்ணீரில் உள்ள காற்றை எடுத்துக்கொள்ளும். விராலுக்கு அது போதாது. அடிக்கடி மேலே வந்து வெளிக்காற்றை விழுங்க வேண்டும். மேலே வர விடாமல் வலைக்குள் அழுத்தி வைத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்! காற்றை விழுங்கத் தெரிந்ததால்தான் மற்ற மீன் வாழ முடியாத கெட்ட தண்ணீரிலும் அது பிழைத்துக் கிடக்கிறது.

விரால் துரத்தி ஓடும் மீன் அல்ல. பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அடியில் நிழலில் கிடக்கும். மேலே தவளையோ சிறுமீனோ அசைந்தால் ஒரே பாய்ச்சல். கவ்வியதும் மறுபடி பாசிக்குள் ஓடிவிடும். அது இருக்கும் இடத்தில் தூண்டில் போக மறுக்கும். தூண்டில் போகும் இடத்தில் அது இராது. இதுதான் சிக்கல்.

முதல் ஞாயிறு: மண்புழு

நான் செம்பூரில் இருந்து மண்புழு கொண்டுபோயிருந்தேன். தக்கை கட்டி, ஈயக்குண்டு போட்டு வீசினேன். ஐந்து நிமிடத்தில் தக்கை அமுங்கியது. இழுத்தால் உள்ளங்கை அளவு ஜிலேபி கெண்டை.

பிறகு வீசிய போதெல்லாம் முள் பாசியில்தான் மாட்டியது. பத்து மணிக்குள் நான்கு முள் போய்விட்டது. ஈயம் இரையைப் பாசிக்குள் இழுத்துச் சென்றுவிடுகிறது. பாசி உள்ள இடத்துக்கு ஈயமும் தக்கையும் ஆகாது.

இரண்டாவது ஞாயிறு: பளபளக்கும் தகடு

அடுத்த வாரம் பொய் இரைகளை எடுத்துப் போனோம். கரண்டி போன்ற தகடு ஒன்று. மரத்தில் செய்த மீன் ஒன்று. தண்ணீரில் இழுத்தால் இரண்டும் உயிருள்ள மீன் போலத் தள்ளாடி வரும்.

திறந்த தண்ணீரில் இவை நன்றாக வேலை செய்யும். ஆனால் இரண்டிலும் தொங்குவது மூன்று கொக்கி கொண்ட முள். ஒரு கொக்கி தப்பினாலும் இன்னொன்று கொடியைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கைப்பிடி பாசிதான் வந்தது!

"வீட்டுல ஆடு இருந்தா தீவனத்துக்கு ஆகும்" என்று சிரித்தார் அண்ணாச்சி.

அமெரிக்கர்கள் பட்ட பாடு

இதே சிக்கல் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே 'பாஸ்' என்றொரு மீன். விராலுக்கு உறவில்லை, ஆனால் குணத்தில் ஒன்று. அதுவும் கொடி அடியில் பதுங்கிக் கிடந்து பாயும். அதைப் பிடிக்க அவர்கள் செய்து பார்க்காத இரை இல்லை.

ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்ற தொழிலாளி, 1949-ல் வீட்டு அடுப்பங்கரையில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி மெத்தென்ற புழு செய்தார். முள்ளின் நுனியை அந்தப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிடலாம். பாசியில் மாட்டாது. மீன் கடித்தால் மட்டும் நுனி வெளியே வரும். பாசித் தண்ணீருக்கு வழி பிறந்தது.

விலை உயர்ந்த சாமான் இருந்தால்தான் பெரிய மீன் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்து விவசாயி ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். அதாவது சுமார் 10 கிலோ. அன்று அவருக்கும் நண்பருக்கும் சேர்த்து ஒரே தூண்டில்தான் இருந்தது என்பார்கள். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் அந்தச் சாதனையைச் சமன் செய்தார்.

மூன்றாவது ஞாயிறு: ரப்பர் தவளை

ஊரில் விராலுக்கு என்ன செய்வோம்? குளத்தங்கரையில் தவளையைப் பிடித்து, உயிரோடு முள்ளில் குத்தி, பாசி மேல் தட்டித் தட்டி இழுப்போம். விரால் பாயும்.

இப்போது அது கூடாது. வயலில் பூச்சி தின்னும் தவளைகள் குறைந்து போனதால், 1987-ல் தவளைக்கால் ஏற்றுமதிக்கு அரசு தடை போட்டது. வயல் தவளைகளுக்கு வனவிலங்குச் சட்டத்தின் காப்பும் உண்டு.

அண்ணாச்சி ரெக்சின் பையில் இருந்து ரப்பர் தவளை ஒன்றை எடுத்தார். உள்ளே வெற்றிடம். முதுகோடு ஒட்டினாற்போல் மேல்நோக்கிய இரட்டை முள். பாசி மேல் வழுக்கிக்கொண்டு வரும், மாட்டாது. விரால் கவ்வினால் ரப்பர் அமுங்கி முள் வெளிப்படும். நம் ஊர் முறைதான், ரப்பரில் வந்திருக்கிறது!

அவர் சொல்லிக்கொடுத்த பாடம் இது:

நரம்பு கனமாக இருக்க வேண்டும். பின்னல் நரம்பு நல்லது. மெல்லிய நரம்பு பாசியில் அறுந்துவிடும்.

விடியலிலும் மாலையிலும் போட வேண்டும். கரையில் காலைத் தட்டி நடக்கக் கூடாது. நிழல் தண்ணீரில் விழக் கூடாது.

தவளையைப் பாசிக்கு அப்பால் வீசி, மேலே தத்தித் தத்தி இழுக்க வேண்டும். பாசியில் ஓட்டை உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். விரால் பெரும்பாலும் அங்கேதான் அடிக்கும்.

அடித்த உடனே இழுக்கக் கூடாது. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண வேண்டும். விரால் இரையை வாய்க்குள் திருப்பிக்கொள்ள அந்த நேரம் தேவை. பிறகு ஓங்கி இழுத்து, அதன் தலையைப் பாசிக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும்.

முதல் விரால் அடித்தது. எனக்கு எண்ணப் பொறுமை இல்லை. இழுத்தேன். தவளை மட்டும் என் காலடியில் வந்து விழுந்தது!

"ஆபீஸ்ல கையெழுத்துப் போட ஓடுத மாதிரி ஓடாதீங்க தம்பி" என்றார் அண்ணாச்சி.

ஒன்பது மணிக்கு அவருடைய தவளையை இன்னொன்று அடித்தது. அவர் எண்ணினார். ஒன்றரைக் கிலோ இருக்கும். அன்று மாலை தாராவியில் விரால் குழம்பு.

ஏரியை மூடும் ஊதாப் பூ

பாசி வேறு, ஆகாயத்தாமரை வேறு. தென் அமெரிக்காவில் பிறந்த இந்தச் செடியை 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சாக்கடை கலந்த தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். பவாயைச் சுற்றிய கட்டடங்களின் கழிவுநீர்தான் அதற்கு எரு. மாநகராட்சி இயந்திரம் வைத்து அள்ளுகிறது. அள்ள அள்ள முளைக்கிறது. ஓட்டை இல்லாமல் மூடிவிட்டால் ரப்பர் தவளையாலும் பயனில்லை. அடியில் உள்ள மற்ற மீன்களுக்குக் காற்றும் இல்லை.

ஏரியைச் சுற்றி மாநகராட்சி போட முயன்ற சைக்கிள் பாதை சட்டவிரோதம் என்று 2022-ல் மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கழிவுநீர் நிற்கவில்லை.

பவாய் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று இருக்க முடியாது. மழைக்காலத்தில் இந்த ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் மித்தி ஆற்றில் சேர்ந்து, தாராவியைத் தொட்டுக்கொண்டுதான் மாகிம் கழிமுகத்துக்குப் போகிறது. கோலி மீனவர்கள் முதலில் குடியிருந்த ஊர்தானே தாராவி! அங்கே கோலிவாடா இன்றும் இருக்கிறது. அதை ஒட்டி ஓடும் தண்ணீரில் மீன் பிடிக்கத்தான் வழியில்லை.

நான்காவது ஞாயிறு: சிவப்புக் குஞ்சுகள்

ஜூலை மாதம். இரண்டு வாரம் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. மறுபடி போனோம்.

பாசி ஓரத்தில் தண்ணீர் கொப்பளிப்பது போல் தெரிந்தது. உற்றுப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான சிவந்த குஞ்சுகள் பந்து போலத் திரண்டு, காற்றுக்காக மேலே வந்து வந்து போயின. விரால் குஞ்சுகள்! கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும்.

மழை தொடங்கியதும் விரால் ஜோடி பாசியை விலக்கி முட்டையிடும். முட்டை மிதக்கும். அதையும் குஞ்சுகளையும் பல வாரங்கள் இரண்டும் காக்கும். ஊரில் எங்களுக்கு இதுதான் சுலப வேட்டை. குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தூண்டிலை இழுத்தால் போதும்; பெரிய விரால் கட்டாயம் அடிக்கும். பசியில் அல்ல, பிள்ளையைக் காக்க. பெரிய மீன் போய்விட்டால் கொக்கும் மற்ற மீனும் குஞ்சுகளைத் தீர்த்துவிடும். ஒரு மீனுக்கு ஆசைப்பட்டு நூறு மீனை இழந்திருக்கிறோம்.

அமெரிக்காவின் வடபகுதி மாநிலங்கள் சிலவற்றிலும், கனடாவின் ஒன்டாரியோவிலும், பாஸ் மீன் கூடு காக்கும் காலத்தில் தூண்டிலுக்குக் கட்டுப்பாடு உண்டு. அண்ணாச்சி எந்தச் சட்டத்தையும் படித்தவர் அல்ல.

"வீசட்டுமா?" என்று கேட்டேன். கை துடித்தது. மூன்று வாரமாக எண்ணப் பழகியிருந்தேன். இந்த முறை தப்பாது.

அவர் தன் நரம்பைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்.

"புள்ளைகளை விட்டுட்டு ஊரு ஊராப் பிழைக்க வந்த ஆளுக நாம. காவல் இருக்கதோட அருமை நமக்குத் தெரியாதா? ஐப்பசியில வருவோம் தம்பி. இதுல ஒண்ணு ரெண்டாவது நமக்காக வளர்ந்து நிக்கும்."

தவளையைப் பையில் போட்டேன். வெறுங்கையோடு காஞ்சூர்மார்க் திரும்பினோம். ஸ்டேஷன் வாசலில் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு வண்டி ஏறினோம்.