பெயரை அழைக்கும் நாவுகள் பல, எழுத்து ஒன்றாகட்டும்

குழந்தை பிறந்த இல்லத்தில் நடைபெறும் முதல் ஆலோசனை பெயரைப் பற்றியதாகவே இருக்கும். பொருள் நயம், குலதெய்வம், தாத்தா பாட்டியின் பெயர், நட்சத்திரத்துக்குரிய முதலெழுத்து என அனைத்தையும் பார்க்கிறோம். அண்டை வீட்டார் நாவில் அப்பெயர் எவ்வாறு ஒலிக்கும் என்பதை மட்டும் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தமான் தலைநகரின் ஷாதிபூர் போன்ற பகுதிகளில் வாழ்வோர் இதை எண்ணாமல் இருக்க இயலாது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேரின் தாய்மொழி வங்காளம். 19 பேருக்கு இந்தி. 15 பேருக்குத் தமிழ். 13 பேருக்குத் தெலுங்கு. 7 பேருக்கு மலையாளம். இவர்கள் தனித்தனி ஊர்களாகப் பிரிந்து வாழவில்லை. ஒரே தெருவில், ஒரே பள்ளியில், ஒரே வங்கி வரிசையில் நிற்கிறார்கள். பொதுமொழி இந்தி. ஆகவே இங்கு ஒரு தமிழ்ப் பெயர் நாள்தோறும் பல நாவுகளைக் கடந்து செல்கிறது.

ழகரத்தின் பயணம்

யாழினி, தமிழரசி, எழிலன், கனிமொழி முதலிய பெயர்களை விரும்பிச் சூட்டும் பெற்றோர் இன்று பலர். இப்பெயர்களை மலையாளக் குடும்பத்தினர் பிழையின்றி அழைப்பர். அவர்கள் மொழியிலும் ழகரம் உண்டு. இன்றைய தெலுங்கிலும், இந்தியிலும், வங்காளத்திலும் அவ்வொலி இல்லை. காதால் கேட்டு அழைப்பவர் 'யாலினி' என்பார். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பவரோ இசட், எச் என்னும் இரண்டெழுத்தைக் கண்டு 'யாஜினி' என்பார். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியின் பெயரை இந்தி நாளேடுகள் ஜகர ஒலி தரும் எழுத்தால் எழுதுவதை நாம் பார்த்திருக்கிறோம். இந்தியில் குறில் எகர ஒகரங்களும் இல்லை. எனவே மொழி 'மோழி' ஆகும். செல்வி 'சேல்வி' ஆவாள்.

பிறரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆவதையும், சென்னைப் பேச்சில் அதுவே 'வாயப்பயம்' ஆவதையும் அறிவோம். நம் வீட்டுக்குள்ளேயே ழகரத்துக்கு மூன்று உருவங்கள் உண்டு.

வங்காள நாவு

வங்காளத்தில் வகரம், 'கம்பன்' என்பதில் வரும் பகரத்தைப் போல் ஒலிக்கும். விமலா 'பிமலா' ஆவதும், விஜய் 'பிஜய்' ஆவதும் இதனாலேயே. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகருக்குச் சூட்டப்பட்ட ஸ்ரீ விஜய புரம் என்னும் பெயரிலுள்ள 'விஜய' என்பதும் வங்காள நாவில் பகரமாகவே தொடங்கும். யமுனா 'ஜமுனா' என்றாகும். அகரம் ஒகரத்தை நோக்கிச் சாயும்; கமலா 'கொமொலா' ஆவாள். சகரம் ஷகரமாகும். ஒலி மாறினாலும் இவை அன்போடு அழைக்கும் குரல்களே.

வங்காளிகளிடம் நாம் கற்றுக்கொள்ளத்தக்க வழக்கம் ஒன்றுண்டு. அவர்கள் குழந்தைக்கு இரு பெயர் இடுவர். வீட்டில் அழைப்பதற்கு 'டாக்நாம்'. பள்ளிக்கும் பத்திரங்களுக்கும் 'பாலோநாம்'. இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நாமும் செல்லப்பெயர் இடுகிறோம். ஆனால் அதையும் சற்றுச் சிந்தித்து இடுவது நலம். நாம் கொஞ்சி அழைக்கும் 'குட்டி', இந்தி பேசுவோர் காதுக்குப் பெண் நாயைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டும்.

நம் நாவும் மாற்றுகிறது

பிறமொழிப் பெயர்களைத் தமிழும் தன் இயல்புக்கேற்ப மாற்றியே ஏற்கிறது. சொல்லுக்கு முதலில் வரத்தக்க எழுத்துகளைத் தொல்காப்பியம் வரையறுக்கிறது; ரகரமும் லகரமும் அவற்றில் இல்லை. இராமன், இலக்குமி என்று நாம் எழுதுவது அதனால்தான்.

ஷாதிபூரையே எடுத்துக்கொள்வோம். 'ஷாதி' என்பது திருமணத்தைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். ஷகரம் வராத தமிழ் நாவில் அது 'சாதி' ஆகிவிடுகிறது. 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்தில் கைதிகள் பலர் சாதியையும் மாநிலத்தையும் கடந்து மணம் புரிந்து இத்தீவில் தலைமுறைகளை உருவாக்கினர் என்பதை நினைத்தால், இவ்வொலி மாற்றம் புன்னகையை வரவழைக்கும்.

சுப்ரதா, தேபப்ரதா என்பன வங்காள ஆண்களின் பெயர்கள். அவர்கள் உச்சரிப்பில் அவை ஓகாரத்தில் முடியும். ஆங்கில எழுத்தில் பார்க்கும் நாமோ பெண்ணின் பெயராகக் கருதிவிடுவோம்.

எழுத்தில்தான் சிக்கல்

உச்சரிப்பு மாறுவதால் எவருக்கும் இழப்பில்லை. எழுத்து மாறினால் இழப்புண்டு. தென்னாட்டார் தகரத்துக்கு டி, எச் என இரண்டெழுத்து இடுவர். வடநாட்டார் டி என்னும் ஓரெழுத்தே இடுவர். லலிதா, கவிதா, கார்த்திக் என்னும் பெயர்கள் இதனால் இருவகையாகப் பதிவாகின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒருவகை, ஆதாரில் மற்றொரு வகை, பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது வகை என்றாகும்போது, அவை ஒருவரையே குறிக்கின்றன என்று மெய்ப்பிக்கும் சுமை வாடிக்கையாளர்மீது விழுகிறது. கல்விக்கடன், காப்பீட்டுத் தொகை, நியமனதாரருக்குச் சேரவேண்டிய வைப்புத்தொகை ஆகியவை இதனால் தாமதமாகக்கூடும். தமிழர் வழக்கமான தலைப்பெழுத்து மற்றொரு காரணம். நிரந்தரக் கணக்கு எண் விண்ணப்பத்தில் முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் தலைப்பெழுத்தால் நிரப்ப இயலாது. விரித்து எழுத வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

* பெயரை முடிவு செய்யுமுன், பிறமொழி பேசும் அண்டை வீட்டார் இருவர் மூவரை உரக்கச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.
* ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெயரோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். தந்தை பெயரை விரித்தெழுதும் முறையையும் அப்போதே தீர்மானியுங்கள்.
* பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகவில்லையெனில், பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். எனவே அவசரம் வேண்டா.
* 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, ஆதார் உள்ளிட்டவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பிற ஆவணங்கள் அனைத்திலும் அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றுங்கள்.
* ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறை மட்டுமே திருத்த முடியும்.
* பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கும்போது, படிவத்திலுள்ள பெயரைப் பிறப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

ழகரம் பிறர் நாவில் வராது என்று அஞ்சி, விரும்பிய பெயரைக் கைவிட வேண்டியதில்லை. நிலா, கவின், மலர், அமுதா போன்ற பெயர்கள் பல நாவுகளுக்கு எளிதாக வரும் என்பது உண்மை. எளிமையை நாடுவோர் அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். பொருளை நாடுவோர் யாழினி என்றே சூட்டலாம். 'யாலினி' என்று அழைக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் குரலுக்கும் குழந்தை ஓடிச் சென்று நிற்கும். ஆவணங்களுக்கு அந்த நெகிழ்ச்சி கிடையாது. அவற்றில் அவள் பெயர் எங்கும் ஒரே எழுத்தில் இருக்கட்டும்.