ஐஸ் உருகும் முன்னே: தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம்



கோரிமேட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. புதுச்சேரியின் வடமேற்கு ஓரத்தில், திண்டிவனம் சாலையில், மேட்டு நிலத்தில் இருக்கிறது நம் ஊர். ஆனாலும் கடல் தினந்தோறும் இரண்டு வழியாக நம்மிடம் வந்து சேருகிறது. ஒன்று, அன்னக்கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக வரும் தாய்மார் வழியாக. மற்றொன்று, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கும் மீனவச் சகோதரர் வழியாக. இந்த இருவரும் புறப்பட்டு வரும் இடம் பெரும்பாலும் ஒன்றே: தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். அங்கே ஒரு நாள் எப்படி நடக்கிறது, மீனின் விலையில் யாருக்கு எவ்வளவு போகிறது, நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழுகிறது என்பதை இந்த இதழில் விளக்க விரும்புகிறேன்.

ஆற்றின் வாயில் ஒரு துறைமுகம்

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. சலங்கு என்னும் படகுகளே அலைகளைத் தாண்டிச் சென்று, ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. மீனவர்களோ கட்டுமரத்தை மணலில் தள்ளி இறக்கி, திரும்பி வந்ததும் மணலில் இழுத்து ஏற்றினார்கள். வீராம்பட்டினம், வம்பாகீரப்பாளையம், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், நல்லவாடு போன்ற கிராமங்களுக்கு ஊர் மணலே துறைமுகமாக இருந்தது.

என்ஜின் பொருத்திய பெரிய விசைப்படகை மணலில் இழுத்து ஏற்ற முடியாது. அதற்கு அலையில்லாத ஆழமான நீர் வேண்டும். செஞ்சியாற்றின் கிளையான அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடம் அதற்கு ஏற்றதாக இருந்தது. அதே ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே நடத்திய அகழ்வாராய்ச்சியில், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியோடு வாணிபம் நடந்ததற்கான சான்றுகள் கிடைத்தன. படகுகளுக்கு இந்த ஆறு அடைக்கலம் கொடுப்பது இன்று நேற்று தொடங்கியதல்ல.

மணல் நகரும் கரை

1980-களின் பிற்பகுதியில் இந்த முகத்துவாரத்தில் இரண்டு கல் சுவர்கள் கடலுக்குள் கட்டப்பட்டன. அலையைத் தடுத்துப் படகுகளுக்கு வழி செய்வதே நோக்கம். ஆனால் நம்முடைய கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கே திரும்பினாலும், வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி.

கல் சுவர் இந்த நடமாட்டத்தை மறித்தது. அதனால் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரையோ மணல் வரத்தில்லாமல் கரைந்துபோனது. கரையைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டபோது அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து, குப்பத்து மக்கள் படகு ஏற்றும் மணலையும், விழுப்புரம் மாவட்டத்தின் கரையோரக் கிராமங்கள் சிலவற்றின் மணலையும் தின்றது. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு, 2018 முதல் அந்தப் பகுதியில் மணல் ஓரளவு திரும்பியிருக்கிறது.

மறிக்கப்பட்ட மணலில் ஒரு பகுதி சுவரைச் சுற்றி வந்து முகத்துவாரத்திலேயே படிகிறது. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். ஆகவே அரை மீட்டர் மணல் சேர்ந்தாலும், மீனோடு கனத்து வரும் படகு தரைதட்டக்கூடும். தூர் வாரவேண்டும் என்று மீனவர்கள் மீண்டும் மீண்டும் கேட்பதன் காரணம் இதுவே. மணல் சேர்ந்திருக்கும் நாட்களில் படகு வெளியே நின்று நீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும் நேரத்தில் படகுக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொல்லப்போகும் கணக்குக்கு இது அவசியம்.

கரை சேர்ந்தவுடன்

சில படகுகள் இருட்டோடு போய் அன்றே திரும்பும். சில படகுகள் தங்குகடலுக்குப் போய் நாட்கணக்கில் இருந்து வரும். புறப்படும் முன் டீசல், குடிநீர், அரிசி, காய்கறி ஆகியவற்றோடு ஐஸ் ஏற்றப்படும். தொழிற்சாலையில் நீளமான பார்களாக உறைந்து வரும் ஐஸ் இயந்திரத்தில் நொறுக்கப்பட்டு, படகின் அடியிலுள்ள பெட்டிகளில் கொட்டப்படும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஐஸ் வேண்டும்.

மீன் செத்தவுடனே அதன் உடலில் கிருமிகள் வேலையைத் தொடங்கிவிடும். ஐஸில் அவை மந்தமாகும், வெயிலில் பெருகும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சூடு பட்டுவிட்டால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகும். அதைத் தின்றவருக்குச் சற்று நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பில் தடிப்பும் தலைவலியும் வரலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்தப் பொருள் அழியாது. கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அடுப்பங்கரையில் அல்ல, படகிலும் துறைமுகத்திலுமே.

எனவே படகு அணைந்தவுடன் எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடக்கும். இழுவலையில் வந்த மீனை இனம் பிரித்து, கூடைகளில் நிரப்பி, ஏலத் தளத்தில் வைப்பார்கள். வஞ்சிரம், வவ்வால், பெரிய இறால் ஆகியவை வெளியூர் வியாபாரிகளுக்குப் போகும். சங்கரா, கவலை, நெத்திலி, காரப்பொடி ஆகியவை உள்ளூருக்கு வரும். மனிதர் தின்ன உதவாத சிறு மீன்கள் உலர்த்தப்பட்டுக் கோழித் தீவனத்துக்குப் போகும். ஏலம் விடுகிறவர் தமது தரகை எடுத்துக்கொள்வார். சில நிமிஷங்களில் ஒரு கூடையின் விலை தீர்மானமாகிவிடும்.

பங்குக் கணக்கு

விசைப்படகில் வேலை செய்கிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது; பங்குதான். படகுக்குப் படகு விகிதம் மாறினாலும் முறை ஒன்றே. விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகள் முதலில் கழிக்கப்படும். மீதியை முதலாளிக்கு ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி என்று பிரிப்பார்கள்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மீன் 60,000 ரூபாய்க்கு விற்றது. செலவு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 24,000. அதில் சரிபாதி ஆட்களுக்கு என்றால் 12,000. ஆறு பேர் என்றால் ஆளுக்கு 2,000 ரூபாய். இப்போது அதே படகு முகத்துவாரத்தில் காத்துக்கிடந்து, மீன் தளர்ந்து, விலை கால் பங்கு குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். விற்பனை 45,000. செலவு குறையவில்லை, அதே 36,000. மீதி 9,000. ஆட்களுக்கு 4,500. ஆளுக்கு 750 ரூபாய்தான்.

விலை குறைந்தது கால் பங்கு. கூலி குறைந்ததோ பாதிக்கும் மேலே. விற்பனை 36,000-க்கு இறங்கினால் ஒன்றுமே இல்லை. டீசல் வியாபாரிக்கும் ஐஸ் வியாபாரிக்கும் பணம் வந்துவிடும். முதலாளிக்கு நஷ்டம்தான், படகு வாங்கிய கடனும் அவருக்கு இருக்கும். ஆனால் அவரிடம் படகாவது இருக்கிறது. ஆட்களிடம் இருப்பது இரண்டு கைகள் மட்டுமே. பலர் முன்பணம் வாங்கியிருப்பதால் வேறு படகுக்கு மாறவும் முடியாது.

படகுக்காரர், கூலியாள் என்ற இந்த ஏற்பாடு மிகப் பழமையானது. கலிலேயாக் கடலில் செபெதேயுவின் படவிலே கூலியாட்களும் இருந்தார்கள் என்று மாற்கு சுவிசேஷம் குறிப்பிடுகிறது. யாக்கோபையும் யோவானையும் பற்றி அநேகப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அந்தக் கூலியாட்களைப் பற்றிக் கேட்டிருப்போமா?

கூடை சுமக்கும் தாய்மார்

ஏலத்தில் கடைசியாக நிற்பவர்கள் மீன் விற்கும் பெண்கள். தனித்தனியே பெரிய கூடையை ஏலம் எடுக்க முடியாததால் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்துப் பிரித்துக்கொள்வார்கள். கைமுதல் பலருக்குத் தண்டல் பணமே: காலையில் வாங்கி, வட்டியோடு மாலையில் திருப்ப வேண்டும். பிறகு ஐஸ் வாங்கி, ஆட்டோவுக்குக் கொடுத்து, குபேர் அங்காடிக்கோ, நம் கோரிமேட்டுத் தெருக்களுக்கோ வருவார்கள். அரிவாள்மனையில் உட்கார்ந்து, கேட்டபடி வெட்டிச் சுத்தம் செய்தும் கொடுப்பார்கள்.

படகுக்காரர் மீனை ஏலத்தில் தள்ளிவிட்டார். வியாபாரி லாரியில் ஏற்றிவிட்டார். இந்தத் தாய்க்கோ திருப்பிக் கொடுக்க இடமில்லை. பகல் 12 மணிக்குள் விற்காத மீன் பாதி விலைக்குப் போகும். அதற்கும் போகாதது உப்பிட்ட கருவாடாகும். ஐஸ் உருக உருக, கூடையில் உள்ளது இவருடைய நஷ்டம்.

காயமும் விஷமும்

இந்த அவசரமே ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை அனுப்புகிறது. வலையை இழுக்கும் வின்ச்சில் கம்பி சுற்றும்போது விரல்கள் சிக்கும். ஈரத் தளத்தில் கால் வழுக்கும். காயம்பட்ட மனிதரின் படுக்கை அருகே அமர்ந்தால், பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி வலியைப் பற்றியது அல்ல. “ஐயா, விரலு போனாப் போவுது, சீசன் போவுதே, எப்ப படகு ஏறலாம்?” என்பதுதான். படகு ஏறாதவருக்குப் பங்கு இல்லை. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு சேர்க்கப்பட்டு, மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. அது நல்ல உதவியே. ஆனால் கை ஆறும்வரை மூன்று வாரம் கரையில் இருப்பவரின் கூலியை அது ஈடுசெய்வதில்லை. அதனால் தையல் பிரிக்கும் முன்பே கடலுக்குப் போய், உப்பு நீரில் புண்ணைக் கெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு.

விஷ ஆபத்துக்கள் இரண்டைப் பற்றி அறிந்திருப்பது நல்லது. திருக்கை, கெளுத்தி ஆகியவற்றின் முள் குத்தினால் கடும் வலி உண்டாகும். அந்த விஷம் சூட்டில் சக்தி இழக்கும்; ஆகையால் காயத்தைப் பொறுக்கும் அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரிக்கு மேற்படாமல், அரை மணி நேரமாவது வைத்தால் வலி தணியும். சூட்டைக் காயம் படாத கையால் முதலில் சோதிக்க வேண்டும். முள் முறிந்து உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் பிறகு மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இரண்டாவது, வலையில் வரும் வலக்கடியன் என்னும் கடல் பாம்பு. இதற்கு வெந்நீர் உதவாது. கடிவாயில் வலி அதிகம் இராததால் பலர் அசட்டை செய்கிறார்கள். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, விறைப்பு, கருத்த சிறுநீர் என்று வந்தால் சிறுநீரகத்துக்கும் உயிருக்கும் ஆபத்து. நம் நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் பாம்பு விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய தரைப்பாம்புகளுக்கே உரியது. ஆகவே அறிகுறிக்காகக் காத்திராமல், கடிபட்டவரை நடக்கவிடாமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதே வழி.

61 நாட்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக இந்த ஓய்வு. இதே புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த மாஹே மேற்குக் கரையில் இருப்பதால் அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அதனால்தான் மே மாதத்தில் கேரள மீன் லாரியில் இங்கே வருகிறது.

இந்நாட்களில் தேங்காய்த்திட்டில் படகுகளுக்கு வண்ணம் பூசுவார்கள், என்ஜினைப் பிரித்து மாட்டுவார்கள், நிழலில் உட்கார்ந்து வலை முடிவார்கள். குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை உண்டு. ஆயினும் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் கடன் மாதமாகிவிடுகிறது. அக்டோபருக்குப் பின் வாடைக்காற்றும் புயலும் வரும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெங்கல் புயலும் இந்தக் கரையைத் தாக்கின. எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் அன்றும் வேலையில்லை, பங்கில்லை.

நாம் செய்யக்கூடியது

அன்பானவர்களே, வாசலில் மீன் வாங்கும்போது செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா, அழுத்தினால் சதை மேலெழும்புகிறதா என்று பாருங்கள். அது நம் உரிமை. ஆனால் மீன் நன்றாயிருந்தால் விலையில் இருபது ரூபாய்க்காக வாதாட வேண்டாம். மேலே சொன்ன கணக்கின்படி அந்த இருபது ரூபாய் ஏலக்காரரிடமிருந்தோ தண்டல்காரரிடமிருந்தோ குறைவதில்லை. கூடை சுமக்கிறவருடைய கூலியிலிருந்தே குறைகிறது. பேரம் நடக்கும் நேரத்திலும் அவருடைய ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஜெபங்களில் முகத்துவாரத்தில் நீர் ஏறக் காத்திருக்கும் படகுகளையும், அவற்றிலுள்ள கூலியாட்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக் குருவானவர்,
கோரிமேடு, புதுச்சேரி